ஸ்காலர்ஷிப் பணம் எங்க மாட்டிக்கிட்டு நிக்குது? தமிழ்நாட்டு காலேஜ் பசங்களுக்கும் பெத்தவங்களுக்கும் ஒரு விளக்கம்

"அப்ளை பண்ணி மாசக்கணக்காச்சு, இன்னும் பணம் வரல." இந்தப் புகார் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் கேக்குது, ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கற பிரச்சனை ஆளுக்கு ஆள் வேற. காலேஜ் ஆபீஸ்ல கேட்டா நாங்க எப்பவோ அனுப்பியாச்சும்பாங்க, டிபார்ட்மென்ட்ல கேட்டா சாங்ஷன் ஆயிடுச்சும்பாங்க, பேங்க்ல கேட்டா எங்களுக்கு எதுவும் வரலம்பாங்க. இதுல வேடிக்கை என்னன்னா மூணு பேர் சொல்றதும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம். அதனால யார் பொய் சொல்றாங்கன்னு தேடறத விட்டுட்டு, ஃபைல் எந்த மேஜையில நிக்குதுன்னு தேடினாதான் வேலை ஆகும். அதுக்கு முதல்ல இந்த உதவிகள் எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் அடிப்படையிலிருந்து பாக்கணும்.

எல்லாத்தையும் ஸ்காலர்ஷிப்னு சொல்றோம், ஆனா நாலு வகை இருக்கு

1. கட்டணச் சலுகை. இதுல பணம் உங்க கைக்கே வராது, காலேஜ் பில்லுல குறையும். முதல் பட்டதாரி சலுகை இந்த வகை. 2010ல வந்தது. வருமான வரம்பு கிடையாது, ஜாதியும் பாக்க மாட்டாங்க, அப்பா அம்மா, தாத்தா பாட்டி, அண்ணன் அக்கா யாரும் டிகிரி முடிச்சிருக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆனா ரெண்டு விஷயத்துல நிறைய பேர் மாட்டறாங்க. ஒரு குடும்பத்துல ஒருத்தருக்குத்தான் கிடைக்கும், அக்கா ஏற்கனவே இந்தச் சலுகைல படிச்சிட்டு இருந்தா தம்பிக்குக் கிடையாது, அதுக்குத்தான் கவுன்சிலிங்ல கூட்டு உறுதிமொழிப் படிவம் கேக்கறாங்க. இன்னொண்ணு, சிங்கிள் விண்டோ கவுன்சிலிங் வழியா சேர்ந்தாதான் இது உண்டு, மேனேஜ்மென்ட் கோட்டாவில சேர்ந்துட்டு சர்டிபிகேட்ட நீட்டினா செல்லாது. சலுகையும் டியூஷன் பீஸுக்கு மட்டும்தான், பஸ், ஹாஸ்டல், எக்ஸாம் பீஸ் எல்லாம் நீங்கதான் கட்டணும். அரசுப் பள்ளியில 6லிருந்து 12 வரைக்கும் படிச்சவங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இதே வகைதான், ஆனா அதுல 2021லிருந்து டியூஷன், ஹாஸ்டல், கவுன்சிலிங் கட்டணம் எல்லாத்தையும் அரசே கட்டுது.

2. அக்கவுண்டுக்கு வர்ற ஸ்காலர்ஷிப். எஸ்சி எஸ்டி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் தான் இதுல பெருசு, பெற்றோர் வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். பிசி, எம்பிசி மாணவர்களுக்குத் தனி திட்டங்கள் தனி டிபார்ட்மென்ட்ல ஓடுது. பிளஸ் டூ மார்க்க வெச்சு மத்திய அரசு குடுக்கற சென்ட்ரல் செக்டர் ஸ்காலர்ஷிப் இன்னொண்ணு: போர்டுல மேல் 20 சதவீதத்துக்குள்ள வந்திருக்கணும், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருக்கணும், டிகிரியோட முதல் மூணு வருஷம் வருஷத்துக்கு 12,000, பிஜி படிக்கும்போது 20,000. இத வாங்கறவங்க வேற ஸ்காலர்ஷிப்போ கட்டணச் சலுகையோ சேர்த்து வாங்கக்கூடாதுன்னு ரூல் இருக்கு, கவனம். இன்ஜினியரிங், டிப்ளமோ படிக்கற பொண்ணுங்களுக்கு, தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கற மத்திய அமைப்பான ஏஐசிடிஇயோட பிரகதி ஸ்காலர்ஷிப் இருக்கு, வருஷத்துக்கு 50,000, குடும்ப வருமானம் 8 லட்சம் வரைக்கும் ஓகே, ஒரு வீட்ல ரெண்டு பொண்ணுங்க வரைக்கும் வாங்கலாம்.

3. மாசாமாசம் வர்ற 1,000 ரூபாய். பொண்ணுங்களுக்குப் புதுமைப்பெண், 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது, பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட்ல. அரசுப் பள்ளியில 6லிருந்து 12 வரை படிச்சிருக்கணும், அப்புறம் அரசு உதவிபெறும் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சவங்களையும் சேர்த்தாங்க. வேற ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இது தனியா வரும். தபால் வழியில படிச்சா வராது.

4. கல்விக்கடன். இது உதவி இல்ல, கடன், திருப்பிக் கட்டணும். இத மத்த மூணோட சேர்த்துக் குழப்பிக்கக் கூடாது, கடைசியில தனியா பாக்கலாம்.

இந்தப் பிரிவு எதுக்குன்னா, முதல் வகையில பிரச்சனைன்னா காலேஜோடயும் கவுன்சிலிங் கமிட்டியோடயும் பேசணும், ரெண்டாவது மூணாவதுல பேங்க்கும் ஆதாரும் உள்ள வருது. முதல் பட்டதாரி சலுகை வரலன்னு பேங்க்ல போய் நின்னா ஒண்ணும் நடக்காது.

அப்ளிகேஷன் போற வழி

சுருக்கமா இதுதான் பாதை, ஒவ்வொரு படியிலயும் நிக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு.

1. சான்றிதழ்கள். வருமானம், ஜாதி, முதல் பட்டதாரி எல்லாமே இ-சேவை மையம் வழியா போடணும், அதுக்கு முன்னாடி ஒரு தடவை கேன் நம்பர் (இ-சேவையில உங்களுக்கான அடையாள எண்) பதிவு பண்ணிக்கணும். அங்கிருந்து விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் ஆபீஸ்னு போகும். கவுன்சிலிங் சமயத்துல எல்லாரும் ஒரே வாரத்துல போடறதால அங்கயே மாட்டும். பிளஸ் டூ ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே போட்டு வெச்சிடறது புத்திசாலித்தனம்.

2. போர்ட்டல் பதிவு. மத்திய அரசு திட்டம்னா நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல், அதுல இப்போ ஓடிஆர்னு ஒரு நிரந்தர நம்பர் எடுக்கணும், முகத்தைக் காட்டி ஆதார் சரிபார்ப்பு நடக்கும். மாநிலத் திட்டம்னா பெரும்பாலும் காலேஜ் வழியா யூமிஸ்ல (மாநில அரசோட காலேஜ் மாணவர் தகவல் தளம்) உங்க விவரம் ஏறியிருக்கணும்.

3. காலேஜ் நோடல் ஆபீசர். நீங்க சப்மிட் பண்ணதும் அது முதல்ல போறது இவர்கிட்டதான். நீங்க அந்தக் காலேஜ்லதான் படிக்கறீங்களா, கோர்ஸ் சரியா, பீஸ் எவ்வளவுன்னு பாத்து இவர் ஓகே பண்ணணும். பல காலேஜ்ல இவர் ஒரு லெக்சரரா இருப்பார், கிளாஸும் எடுத்துக்கிட்டு இதையும் பாக்கணும். கடைசி தேதி மாணவருக்கு ஒண்ணு, காலேஜுக்கு வேற ஒண்ணு. நீங்க டைமுக்குப் போட்டுட்டீங்க, அவர் அவரோட டைமுக்குள்ள பாக்கலன்னா அப்ளிகேஷன் அங்கயே செத்துப்போகும், உங்களுக்கு ஒரு மெசேஜ்கூட வராது.

4. மாவட்ட, மாநில அளவு சரிபார்ப்பு. டிபார்ட்மென்ட் ஆபீசர் பாக்கறது.

5. பணம் போறது. மத்திய அரசுப் பணம்னா பிஎஃப்எம்எஸ்ங்கற அரசுப் பணப் பட்டுவாடா சிஸ்டம்லேர்ந்து கிளம்பி, ஆதார் நம்பரை வெச்சு பணம் அனுப்பற ஆதார் பேமென்ட் பிரிட்ஜ் வழியா, பேங்குக்கு.

அப்ளிகேஷன் ஸ்டேட்டஸ்ல இருக்கற ஒரே ஒரு வார்த்தையைப் பாத்தாலே மூணாவதுல நிக்குதா அஞ்சாவதுல நிக்குதான்னு தெரிஞ்சிடும். ஆனா நிறைய பேர் சப்மிட் பண்ண அன்னிக்கு வந்த பிரிண்ட் அவுட்ட மட்டும் வெச்சுக்கிட்டு அதுக்கப்புறம் லாகின் பண்ணி பாக்கறதே இல்ல, இங்கதான் பாதி கேஸ் போகுது.

டிஃபெக்டிவ், ரிஜெக்டட், ஃபேக்: மூணும் ஒண்ணு இல்ல

நேஷனல் போர்ட்டல்ல டிஃபெக்டிவ்னு வந்தா உங்க அப்ளிகேஷனைத் திருத்தச் சொல்லி திருப்பி அனுப்பியிருக்காங்கன்னு அர்த்தம், காரணமும் அங்கயே இருக்கும். குறிப்பிட்ட தேதிக்குள்ள சரிபண்ணி மறுபடியும் சப்மிட் பண்ணா பழையபடி ஓடும், பண்ணலன்னா அந்த வருஷம் அவ்வளவுதான். ரிஜெக்டட்னா அந்த வருஷத்துக்குக் கதவு மூடியாச்சு. ஃபேக்னு குறிச்சிட்டாங்கன்னா அது ரொம்ப சீரியஸ், உங்க விவரத்தை வெச்சு இனிமே போடவே முடியாதபடி பிளாக் ஆகும், சும்மா விட்டுடக்கூடாது, காலேஜ் நோடல் ஆபீசர் கிட்டயும் மாவட்ட அதிகாரி கிட்டயும் எழுத்துல கேட்டாகணும். நீங்க படிக்காத காலேஜ் பேர்ல யாரோ உங்க விவரத்தைப் போட்டிருக்காங்களான்னும் பாத்துக்கங்க, ப்ரவுசிங் சென்டர்ல அவசரத்துல காலேஜ் பேர மாத்தி செலக்ட் பண்ணிடறதும் நடக்குது.

ரினியூவல்ல ஒரு விஷயம். போன வருஷம் வந்துச்சே, தானா வரும்னு நினைக்கக்கூடாது, ஒவ்வொரு வருஷமும் ரினியூவல் போடணும், அதுவும் ஃப்ரெஷ்ஷுல போடாம ரினியூவல்லயே போடணும். சென்ட்ரல் செக்டர்னா 50 சதவீத மார்க், 75 சதவீத அட்டெண்டன்ஸ் ரெண்டும் வேணும்.

இனிஷியல் பிரச்சனை

இது நம்ம ஊருக்கே உரிய தலைவலி. பத்தாவது மார்க் ஷீட்ல கார்த்திக் எஸ், ஆதார்ல எஸ் கார்த்திக், பேங்க் பாஸ்புக்ல கார்த்திக் சுப்பிரமணியன். நமக்கு மூணும் ஒரே பையன், கம்ப்யூட்டருக்கு மூணு பேர். வட இந்தியப் பேர் முறையை மனசுல வெச்சு செஞ்ச ஃபார்ம்ல முதல் பேர், கடைசிப் பேர்னு ரெண்டு கட்டம் இருக்கும், நம்ம பசங்க ஒவ்வொரு ஃபார்ம்லயும் ஒவ்வொரு மாதிரி நிரப்பி வெச்சிருப்பாங்க.

எதை எதுக்கு ஏத்த மாதிரி மாத்தறதுன்னு கேட்டா, மார்க் ஷீட்டைத் தொடாதீங்க, அது பெரிய வேலை. ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஏத்தமாதிரி மாத்துங்க, அப்புறம் பேங்க்க ஆதாருக்கு ஏத்தமாதிரி மாத்துங்க, இந்த வரிசையில. ஆனா ஆதார்ல பேர் மாத்த வாழ்நாள்ல ரெண்டு தடவைதான் சான்ஸ், பிறந்த தேதி ஒரே தடவை. அதனால அவசரப்பட்டு இ-சேவை மையத்துல அவர் டைப் பண்றத பாக்காம ஓகே சொல்லிட்டு வராதீங்க.

ஆதார்லயே இன்னொரு கண்ணி இருக்கு. 15 வயசுல கைரேகை, கண், போட்டோ எல்லாம் மறுபடி பதிவு பண்றது கட்டாயம், 15லிருந்து 17 வயசுக்குள்ள போனா இலவசம். ஸ்கூல்ல யாரும் சொல்லலன்னா அப்படியே விட்டுடறாங்க, அப்புறம் 18 வயசுல காலேஜ் சேர்ந்து ஓடிஆர் எடுக்கும்போது முகம் மேட்ச் ஆகல, கைரேகை மேட்ச் ஆகலன்னு வரும். சின்ன வயசு முகத்தோட இருக்கற ஆதாரை வெச்சு அது எப்படி மேட்ச் ஆகும்? ஆதார் மையத்துல போய் அப்டேட் பண்ணாதான் தீரும், ஃபோன மாத்தி வெளிச்சத்த மாத்தி பிரயோஜனம் இல்ல.

"ஆதார் லிங்க் ஆயிருக்கு சார்", அப்புறமும் பணம் வரல

பணம் வராத கேஸ்ல அதிகமா குழப்பம் பண்றது இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா.

பேங்க்ல ஆதார் ஜெராக்ஸ் குடுத்து லிங்க் பண்றது ஒண்ணு. அது உங்க கேஒய்சிக்காக, அதாவது நீங்க யாருன்னு உறுதி பண்ணிக்கறதுக்காக, பேங்க் தன்னோட சிஸ்டத்துல ஏத்தி வெச்சுக்கறது. அரசுப் பணம் ஆதார் நம்பரை வெச்சு வர்றதுக்கு அது போதாது. பேங்க்குகளுக்கு நடுவுல பணம் போற வழியை நடத்தற என்பிசிஐன்னு ஒரு நிறுவனம் ஒரு பெரிய பட்டியல் வெச்சிருக்கு, மேப்பர்னு சொல்வாங்க. அதுல உங்க ஆதார் நம்பருக்கு நேரா எந்த பேங்க்னு ஒரே ஒரு பேர்தான் இருக்கும், அக்கவுண்ட் நம்பர்கூட இருக்காது, பேங்க் பேர் மட்டும்தான். அரசு பணம் அனுப்பும்போது அந்தப் பட்டியலைப் பாத்து அந்த பேங்குக்கு அனுப்பும், பேங்க் தன்கிட்ட அந்த ஆதாருக்கு எந்த அக்கவுண்ட் இருக்குன்னு பாத்து அதுல போடும். இந்தப் பட்டியல்ல ஏத்தறதுக்குப் பேர்தான் சீடிங்.

இதுலேர்ந்து என்னெல்லாம் நடக்கும்னு பாருங்க:

1. நாலு பேங்க்ல ஆதார் குடுத்திருந்தாலும் பட்டியல்ல ஒரு பேங்க்தான் நிக்கும், கடைசியா யார் ஏத்தினாங்களோ அவங்க. ஸ்காலர்ஷிப் ஃபார்ம்ல நீங்க இந்தியன் பேங்க் அக்கவுண்ட் நம்பரை எழுதியிருக்கலாம், ஆனா ஆதார் வழியா வர்ற பணம் ஃபார்ம்ல என்ன எழுதினீங்கன்னு பாக்காது. நடுவுல எங்கயோ ஒரு புது அக்கவுண்ட் திறந்து அங்க சம்மதம்னு ஒரு டிக் அடிச்சிருந்தா பணம் அங்கதான் போயிருக்கும்.

2. போர்ட்டல்ல பேமென்ட் சக்சஸ்னு காட்டுது, பாஸ்புக்ல ஒண்ணும் இல்லன்னா பெரும்பாலும் மேல சொன்ன கதைதான். பணம் தொலையல, நீங்க மறந்துபோன அக்கவுண்ட்ல தூங்குது. இது நம்ம தப்புன்னு மட்டும் சொல்ல முடியாது. 2017ல சிம் வெரிபிகேஷனுக்கு வந்தவங்களுக்குத் தெரியாமலே ஏர்டெல் பேமென்ட்ஸ் பேங்க்ல அக்கவுண்ட் திறந்து, அவங்க காஸ் மானியம் எல்லாம் அங்க போயிடுச்சுன்னு பெரிய புகார் கிளம்பி, டிசம்பர்ல ஏர்டெல்லோட ஆதார் இ-கேஒய்சி உரிமத்தையே, ஆதாரை நடத்தற யுஐடிஏஐ நிறுத்தி வெச்சுது. அப்போ காஸ் மானியத்துக்கு ஆனதுதான் ஸ்காலர்ஷிப்புக்கும் ஆகும், பைப் ஒண்ணுதான்.

3. பட்டியல்ல பேங்க் பேர் இருக்கும், ஆனா இன்ஆக்டிவ்னு இருக்கும். அப்போ பணம் திரும்பிப் போயிடும், போர்ட்டல்ல ஃபெயில்டுன்னு காட்டும்.

செக் பண்றது சுலபம். மை ஆதார் தளத்துல ஓடிபி போட்டு உள்ள போய் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்னு இருக்கறத தொட்டா பேங்க் பேரு, ஆக்டிவா இன்ஆக்டிவா, எந்தத் தேதியிலேர்ந்துன்னு வரும். ஓடிபி வர ஆதார்ல மொபைல் நம்பர் இருக்கணும், அப்பாவோட பழைய நம்பர் போட்டிருந்தா முதல்ல அத மாத்துங்க. இன்ஆக்டிவ்னா பேங்க்ல போய் "ஆதார் லிங்க் பண்ணுங்க"ன்னு கேக்காதீங்க, ஏற்கனவே பண்ணியாச்சேன்னு அனுப்பிடுவாங்க. "என்பிசிஐ மேப்பர்ல டிபிடிக்கு சீடிங் பண்ணணும், அதுக்கான சம்மதப் படிவம் குடுங்க"ன்னு கேளுங்க. டிபிடின்னா அரசுப் பணம் நேரா அக்கவுண்டுக்கு வர்றது. பேங்க் ரொம்ப இழுத்தடிச்சா இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் அக்கவுண்ட் ஒரு நல்ல வழி, போஸ்ட்மேன் கிட்டயே திறந்து சீடிங்கும் பண்ணிக்கலாம், ஒரே வரம்பு அதுல 2 லட்சத்துக்கு மேல இருப்பு வெச்சுக்க முடியாது, ஸ்காலர்ஷிப் பணத்துக்கு அது தாராளம்.

அக்கவுண்ட்டோட நிலையும் பாக்கணும். ஸ்கூல் படிக்கும்போது திறந்த மைனர் அக்கவுண்ட் 18 ஆனதும் புதுசா கேஒய்சி கேக்கும், குடுக்கலன்னா முடக்கி வைப்பாங்க. முழு கேஒய்சி இல்லாம திறந்த ஸ்மால் அக்கவுண்ட்ல எந்த நேரத்துலயும் 50,000க்கு மேல இருக்கக்கூடாது, அரசு உதவிப் பணம் வரும்போது மட்டும் ரிசர்வ் பேங்க் விதிப்படி இந்த வரம்பைப் பாக்கக்கூடாது. ரெண்டு வருஷம் நீங்களா எதுவும் போடாம எடுக்காம இருந்தா சாதாரணமா அக்கவுண்ட் இன்ஆபரேட்டிவ் ஆகும், ஆனா ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட்களை அப்படி ஆக்கக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2024 ஏப்ரல்லேர்ந்து அமலுக்கு வந்த விதியில சொல்லியிருக்கு. பிராஞ்ச்ல யாராவது மறுத்தா இத எடுத்துச் சொல்லுங்க.

பாதிப் பணம்தான் வந்திருக்கா?

எஸ்சி போஸ்ட் மெட்ரிக்ல இந்தக் கேள்வி நிறைய வருது. 2020 டிசம்பர்ல மத்திய அமைச்சரவை இந்தத் திட்டத்தோட பணப் பங்கீட்டை மாத்துச்சு, மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம்னு. மாநிலம் தன் பங்கைக் குடுத்ததுக்கு அப்புறம்தான் மத்திய அரசு தன் 60ஐ நேரா மாணவர் அக்கவுண்டுக்கு அனுப்பும். ஆக வர்றது ஒரே பணம் இல்ல, ரெண்டு அரசுகிட்டேர்ந்து ரெண்டு தடவை, நடுவுல மாசக்கணக்குல இடைவெளி. ஒண்ணு வந்து ஒண்ணு வரலன்னா எந்தப் பங்கு பாக்கின்னு கேக்கணும், ஏன்னா முன்னாடி சொன்ன சீடிங் கோளாறுனால 60 மட்டும் திரும்பிப் போயிருக்க வாய்ப்பு இருக்கு. மாநிலப் பங்கு நிக்குதுன்னா நீங்க பேங்க்ல செய்ய ஒண்ணும் இல்ல, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துலதான் கேக்கணும்.

இன்னொரு சிக்கல் இதுலயே இருக்கு. முன்ன காலேஜுக்கே போன டியூஷன் பீஸ் பணம் இப்போ மாணவர் அக்கவுண்டுக்கு வருது, அத எடுத்து காலேஜ்ல கட்டறது மாணவர் பொறுப்பு. வீட்ல அவசரத்துக்கு அந்தப் பணத்தை எடுத்துட்டா அடுத்த செமஸ்டர்ல காலேஜ் கழுத்தைப் பிடிக்கும். படிப்புப் படி மட்டும்தான் உங்க செலவுக்கு, அது கோர்ஸ் பிரிவையும் ஹாஸ்டலா வீடாங்கறதையும் பொறுத்து வருஷத்துக்கு 2,500லிருந்து 13,500 வரைக்கும். எவ்வளவு கட்டணம், எவ்வளவு படின்னு பிரிச்சு எழுதி வெச்சுக்கங்க. என் அபிப்பிராயத்துல கஷ்டத்துல இருக்கற குடும்பத்தோட அக்கவுண்ட்ல 50,000 போட்டுட்டு இதத் தொடாதேன்னு சொல்றது நல்ல ஏற்பாடு இல்ல, ஆனா ரூல் இப்போ அப்படித்தான்.

காலேஜ் "முதல்ல கட்டு, அப்புறம் பாத்துக்கலாம்"னா

ஸ்காலர்ஷிப் வர வருஷக் கடைசி ஆகும், காலேஜ் ஜூலையிலயே கேக்கும். தகுதியுள்ள எஸ்சி மாணவர்கள் முன்பணம் கட்டாம சேர ஃப்ரீஷிப் கார்டுன்னு ஒரு ஏற்பாட்டை மத்திய அரசு வழிகாட்டுதல்லயே வெச்சிருக்கு. தமிழ்நாட்டுலயும் 2012ல வந்த அரசாணை 92, சுயநிதிக் கல்லூரியில படிக்கற எஸ்சி எஸ்டி மாணவர்களோட கட்டாயக் கட்டணத்தை அரசு ஏத்துக்கும்னு சொல்லுச்சு. ஆனா மேனேஜ்மென்ட் கோட்டாவில சேர்ந்தவங்களுக்கு இது பொருந்தாதுன்னு அப்புறம் மாத்திட்டாங்க, மத்திய வழிகாட்டுதலும் அதேதான் சொல்லுது. "மேனேஜ்மென்ட்ல சேருங்க, ஸ்காலர்ஷிப் நாங்க வாங்கித் தர்றோம்"னு அட்மிஷன் நேரத்துல ஏஜென்ட் யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்த ஒரு வாக்கியத்துல நிறைய குடும்பம் கடனாளி ஆகியிருக்கு.

பீஸ் பாக்கிக்காக ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடிச்சு வைக்கறதும் செல்லாது, பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018லயே கூடாதுன்னு அறிவிப்பு குடுத்திருக்கு. சரிபாத்துட்டு அங்கயே திருப்பிக் குடுக்கணும். வாயால சண்டை போடாம, முதல்வருக்கு ஒரு லெட்டர் எழுதி நகல்ல சீல் வாங்கிக்கங்க.

கல்விக்கடன்: மறுத்தா என்ன பண்றது

முதல்ல பேர் குழப்பம். வித்யாலட்சுமின்னு 2015லேர்ந்து ஒரு போர்ட்டல் இருக்கு, ஒரே ஃபார்ம்ல மூணு பேங்க் வரைக்கும் அப்ளை பண்ணலாம். பிஎம் வித்யாலட்சுமின்னு 2024 நவம்பர்ல அமைச்சரவை ஒப்புதல் குடுத்தது வேற, அதுக்குத் தனி போர்ட்டல். ரெண்டாவது எல்லாக் காலேஜுக்கும் கிடையாது, என்ஐஆர்எஃப்ங்கற மத்திய அரசோட காலேஜ் தரவரிசையை வெச்சு எடுத்த பட்டியல்ல இருக்கற காலேஜுக்குத்தான், ஆரம்பத்துல 860 காலேஜ். அதுல குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருந்து வேற அரசு ஸ்காலர்ஷிப் வாங்காம இருந்தா, 10 லட்சம் வரைக்குமான கடனுக்குப் படிக்கற காலத்துல 3 சதவீத வட்டிச் சலுகை, அதுவும் வருஷத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு. உங்க காலேஜ் பட்டியல்ல இல்லன்னா கடனே இல்லன்னு அர்த்தம் இல்ல, சாதாரண கல்விக்கடன் இருக்கு.

சாதாரணக் கடன்ல அடிப்படை விதிகள்: 4 லட்சம் வரைக்கும் உங்க கைப்பணம் எதுவும் போட வேண்டாம், அதுக்கு மேல உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம். 7.5 லட்சம் வரைக்கும் வீட்டுப் பத்திரமோ வேற ஆளோட ஜாமீனோ கேக்க வேண்டாம், ஏன்னா அதுக்கு மத்திய அரசோட உத்தரவாத நிதி 75 சதவீதம் வரைக்கும் பேங்குக்கு ஈடு குடுக்குது. அப்பா அம்மா கூட்டுக் கடனாளியா கையெழுத்து போடணும். கோர்ஸ் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு கட்ட ஆரம்பிச்சா போதும், 15 வருஷம் வரைக்கும் டைம்.

பேங்க் மறுக்கற விதம் பெரும்பாலும் மறுப்பு மாதிரியே இருக்காது. "அடுத்த வாரம் வாங்க", "உங்க ஏரியா எங்க பிராஞ்சுக்கு வராது", "மேனேஜர் லீவு". ஏரியா காரணத்தைச் சொல்லி கல்விக்கடனைத் தட்டக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2012லயே சொல்லிடுச்சு. பேங்குகளோட மாதிரித் திட்டப்படி பிராஞ்ச் மேனேஜர் தானா ரிஜெக்ட் பண்ணவும் முடியாது, மேலதிகாரி சம்மதத்தோட காரணம் எழுதிக் குடுக்கணும். அதனாலதான் வாயால சொல்லி அனுப்பறாங்க! போர்ட்டல் வழியா அப்ளை பண்ணா ஒரு நம்பர் விழும், அதுக்குப் பதில் சொல்லியாகணும். மாணவரோட சிபில் ஸ்கோர் (பழைய கடனை ஒழுங்கா கட்டினதுக்கான மார்க்) கம்மிங்கறத மட்டும் காரணமா வெச்சுக் கல்விக்கடனை மறுக்கக்கூடாதுன்னு கேரள உயர் நீதிமன்றம் 2023ல ஒரு இடைக்கால உத்தரவுல சொன்னது, நம்ம ஊர் பேங்க்க அது நேரடியா கட்டுப்படுத்தாது, ஆனா மனுல எழுதலாம்.

வருமானச் சான்றிதழ்ல ஒரு எச்சரிக்கை. ஸ்காலர்ஷிப்புக்கு 72,000னு சர்டிபிகேட் வாங்கிட்டு, அதே வருஷம் கடனுக்கு 5 லட்சம் வருமானம்னு ஐடி ரிட்டர்ன் குடுத்தா ரெண்டும் ஆபத்துல போகும். ஒரே வருஷத்துக்கு ஒரே வருமானம் தான் இருக்க முடியும்.

கடன் கிடைச்சதோட முடியல. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்து, அங்கீகாரம் உள்ள காலேஜ்ல தொழில்நுட்பப் படிப்பு படிச்சா, படிக்கற காலத்து வட்டியை மத்திய அரசு கட்டும். ஆனா அத நீங்க நேரா வாங்க முடியாது, உங்க பிராஞ்ச்தான், இந்த மானியத்துக்குப் பொறுப்பான நோடல் பேங்க்கான கனரா பேங்க்ல கிளெய்ம் போடணும். பிராஞ்ச் போடலன்னா வட்டி ஏறிக்கிட்டே இருக்கும், படிப்பு முடிஞ்சு ஸ்டேட்மென்ட் வாங்கும்போதுதான் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை லோன் ஸ்டேட்மென்ட் எடுத்து வட்டி மானியம் வரவு ஆகியிருக்கான்னு பாருங்க.

யாருகிட்ட எந்த வரிசையில எழுதறது

நேரா முதலமைச்சருக்கு மனு போட்டா அதுவும் சுத்தி அதே கிளார்க் மேஜைக்குத்தான் வரும், அதனால வரிசை முக்கியம்.

1. ஸ்டேட்டஸ் ஸ்கிரீன் ஷாட், சீடிங் ஸ்டேட்டஸ் ஸ்கிரீன் ஷாட், ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட். இந்த மூணும் இல்லாம எந்த ஆபீஸுக்கும் போகாதீங்க.

2. காலேஜ் நோடல் ஆபீசருக்கு எழுத்துல, தேதியோட.

3. மாவட்ட நல அலுவலகம். அங்க நடக்கலன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு, இல்லன்னா 1100க்கு போன். ரெண்டுலயும் மனு நம்பர் வாங்கிக்கங்க.

4. பேங்க் விஷயம்னா முதல்ல பேங்க்லயே புகார். 30 நாள்ல பதில் இல்லன்னா, இல்ல பதில் திருப்தி இல்லன்னா, ரிசர்வ் பேங்க்கோட ஆம்புட்ஸ்மேனுக்கு (பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கறவர்) ஆன்லைன்ல போடலாம், கட்டணம் எதுவும் கிடையாது.

5. கடைசியா தகவல் உரிமைச் சட்டம், 30 நாள்ல பதில் வரணும். இதுல "எனக்கு ஏன் பணம் வரல"ன்னு கேட்டா "பரிசீலனையில் உள்ளது"ன்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. இப்படிக் கேளுங்க: இந்த எண் விண்ணப்பம் கல்லூரியிலிருந்து உங்கள் அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் வந்தது, எந்தப் பதவியில் உள்ளவரிடம் எத்தனை நாள் இருந்தது, மாநிலப் பங்கு எந்தத் தேதியில் எவ்வளவு விடுவிக்கப்பட்டது, பணம் திரும்பி வந்திருந்தால் அதற்குப் பதிவான காரணம் என்ன, என் விண்ணப்பம் தொடர்பான கோப்புக் குறிப்புகளின் நகல் வேண்டும்.